காருக்கு அடியில் படுக்காமல் என்ஜின் ஆயில் மாற்றுவது எப்படி

என்ஜின் ஆயில் மாற்றுவது என்றவுடன் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, அடியில் படுத்து, ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பானட்டைத் திறந்து, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக் செருகியிருக்கும் குழாய் வழியாகவே பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலிருந்தே புதிய ஆயிலை ஊற்றிவிடும் முறையும் உண்டு. படகின் உட்புறத்தில் பொருத்தப்படும் என்ஜின்களுக்குக் கீழே கை நுழையவும் இடம் இருக்காது என்பதால், படகு வைத்திருப்பவர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் ஆயில் மாற்றி வருகிறார்கள். அதே வேலையைக் காரிலும் செய்யலாம்.

இதில் முதல் ஆதாயம் உயிர்ப் பாதுகாப்பு. ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டுமே ஆன கருவி. தூக்கிய காரைத் தாங்கி நிற்பதற்கு அதை நம்பக் கூடாது. உறுதியான தாங்கிகள் இல்லாமல், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பவர்கள் எவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்கிறார்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இரண்டாவது ஆதாயம் சம்ப்பைப் பற்றியது. இன்றைய கார்கள் பலவற்றில் ஆயில் தேங்கும் அந்தத் தொட்டி அலுமினியத்தால் ஆனது. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது கொஞ்சம் கூடுதலாக முறுக்கிவிட்டாலும் அதன் மரை அழிந்துவிடும். மேலிருந்து உறிஞ்சினால் அந்தப் போல்ட்டைத் தொடவே வேண்டியதில்லை.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் ஆயில் தானாகவே வடிந்து தீர்ந்துவிடும், சொட்டு நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். உறிஞ்சும்போதோ, பம்பு காற்றை இழுக்கத் தொடங்கியது என்பதற்காகச் சம்ப் காலியாகிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. ஆகவே வெளியே வந்த ஆயிலை அளந்து பார்க்காமல் புதிய ஆயிலை ஊற்றவே கூடாது. மற்ற படிகளில் சிறு பிசகு நேர்ந்தாலும் சரிசெய்துகொள்ளலாம். இதில் பிசகினால் என்ஜின் பாதிக்கப்படும்.

உங்கள் காருக்கு இது ஒத்துவருமா

முதலில் டிப்ஸ்டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சில புதிய கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஆயில் அளவை ஒரு சென்சார் அளந்து திரையில் காட்டும். அவற்றுள் சிலவற்றில் மூடி போட்ட வெறும் குழாய் மட்டும் இருக்கும், அதைப் பயன்படுத்தலாம். குழாயே இல்லாத கார்களுக்கு இந்த முறை பொருந்தாது.

அடுத்து, ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பல கார்களில் என்ஜினின் மேற்புறத்தில், ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் நிமிர்ந்து நிற்கும். இந்த முறைக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை. வேறு சில கார்களில் டப்பா வடிவ ஃபில்டர் என்ஜினின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ, மேலிருந்து கைக்கு எட்டும்படி திருகப்பட்டிருக்கும். ஃபில்டர் அடியில் மட்டுமே இருக்கும் காரானால், முன்சக்கரத்தை முழுவதுமாகத் திருப்பி வைத்துச் சக்கர வளைவின் வழியாகக் கை நுழைகிறதா என்று பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஒர்க்ஷாப்பில் விட்டுவிடுங்கள். ஃபில்டரை அப்படியே வைத்துக்கொண்டு ஆயிலை மட்டும் மாற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அழுக்கை ஏற்கெனவே நிறையச் சேர்த்துவைத்திருக்கும் பழைய ஃபில்டர் வழியாகத்தான் புதிய ஆயில் ஒவ்வொரு சுற்றும் போய்வர வேண்டியிருக்கும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது டிப்ஸ்டிக் குழாயின் கீழ்முனை. சில என்ஜின்களில் அது சம்ப்பின் ஆழமான இடத்துக்கு நேராக இறங்காமல் ஓரத்தில் முடிந்துவிடும். சிலவற்றில் உள்ளே தடுப்புத் தகடு குறுக்கே நிற்கும். இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு முறை, உங்களால் இயன்றவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிய ஆயிலை ஊற்றுவதற்கு முன்பு டிரெயின் போல்ட்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தோ, ஒர்க்ஷாப்பிலேயே அவர் முன்னால் பம்பை வைத்து உறிஞ்சியோ இதைச் செய்யலாம். ஆயில் இல்லாத என்ஜினை ஓட்டிக்கொண்டு போகும் எண்ணம் மட்டும் வரக் கூடாது. போல்ட் வழியாக 200 மில்லிக்குக் குறைவாக வடிந்தால் உங்கள் காருக்கு இந்த முறை பொருந்துகிறது என்று நம்பலாம். அரை லிட்டருக்கு மேல் வடிந்தால் கைவிட்டுவிடுவதே சரி.

சம்ப்பின் அடியில் படியும் கசடு உறிஞ்சினால் வராது என்ற குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆயினும், உரிய காலத்தில் தொடர்ந்து ஆயில் மாற்றி வந்த என்ஜினில், அழுக்கின் பெரும்பகுதி ஆயிலில் மிதந்தபடியோ ஃபில்டரில் சிக்கியபடியோதான் இருக்கும். அடியில் படிவது சொற்பம். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த காரையோ, முந்தைய பராமரிப்பு எப்படி என்று தெரியாத பழைய காரையோ வாங்கியிருந்தால், முதல் ஒன்றிரண்டு முறை கீழ்வழியாகவே வடித்துவிட்டு, பிறகு இந்த முறைக்கு மாறுவது நல்லது.

பம்பும் ஆயிலும்

தேவைப்படும் முக்கியக் கருவி, கையால் அடித்து வெற்றிடம் உண்டாக்கும் உறிஞ்சு பம்பு. சம்ப்பின் முழு ஆயிலும் கொள்ளும்படி 6 முதல் 8 லிட்டர் வரை பிடிக்கும் தொட்டி உள்ளதாக வாங்குங்கள். பல தடிமன்களில் டியூப்கள் உடன் வரும். டிப்ஸ்டிக் குழாயில் தடையின்றி நுழையக்கூடியவற்றுள் மிகப் பருமனானதைத் தேர்ந்தெடுத்தால் வேலை விரைவாக முடியும். இந்தப் பம்பால் பெட்ரோலை ஒருபோதும் உறிஞ்சக் கூடாது. அதன் ஆவி தீப்பிடிக்கும். இவற்றோடு நைட்ரைல் கையுறை, புனல், பழைய துணி, ஃபில்டர் மூடிக்குப் பொருந்தும் சாக்கெட், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், எடை பார்க்கும் தராசு ஆகியவை வேண்டும். தராசு எதற்கு என்பது பின்னால் விளங்கும்.

ஆயிலைப் பொறுத்தவரை காரின் கையேடு சொல்வதே இறுதி வார்த்தை. டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முன்னால் உள்ள எண் குறைந்த வெப்பநிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் காட்டுகின்றன. இந்த எண்கள் பொருந்தினால் மட்டும் போதாது, தரக் குறியீடும் பொருந்த வேண்டும். பெட்ரோல் கார்களின் ஆயிலுக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (ஏபிஐ) வகுத்த எஸ்பி தரம் 2020-இல் வந்தது. அதற்கு முந்தைய எஸ்என் தரத்தைக் கேட்கும் கார்களிலும் அதை ஊற்றலாம். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் பொருத்திய டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த வகை ஆயிலே வேண்டும். வேறு வகையை ஊற்றினால் சாம்பல் சேர்ந்து சேர்ந்து அந்த வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

உறிஞ்சி எடுத்தல்

சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தொடங்குவதற்கு முன்பே டிப்ஸ்டிக்கைப் பார்த்து இப்போதைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடும் படி இது. பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் இடைவெளி இருக்கும். உங்கள் என்ஜின் 4 லிட்டர் கொள்ளும் என்று கையேடு சொல்ல, ஆயில் இப்போது இரு கோடுகளுக்கும் நடுவில் நின்றால், உள்ளே இருப்பது ஏறத்தாழ மூன்றரை லிட்டர்தான். எவ்வளவு வெளியே வர வேண்டும் என்ற கணக்கு இதிலிருந்தே தொடங்குகிறது. கையேட்டில் ஃபில்டரோடு ஓர் அளவும், ஃபில்டர் இல்லாமல் ஓர் அளவும் கொடுத்திருந்தால், ஃபில்டரோடு உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பத்து நிமிடம் காரை ஓட்டிவிட்டு வந்து, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, இன்னொரு பத்து நிமிடம் காத்திருங்கள். குளிர்ந்த ஆயில் மெல்லிய டியூபில் ஏறச் சோம்பும். கொதிக்கக் கொதிக்க இருந்தால் கையையும் சுடும், டியூபையும் இளக்கிவிடும். எவ்வளவு வெப்பம் வரை பம்பு தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால், கையையும் தொங்கும் துணியையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். ஃபில்டர் மேலே உள்ள காரானால், உறிஞ்சுவதற்கு முன்பே அதன் மூடியையும் தளர்த்திவிடுங்கள். அந்தக் கூட்டுக்குள் நிற்கும் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும், அதையும் சேர்த்தே உறிஞ்சிவிடலாம். டிப்ஸ்டிக்கை உருவி, அதன் நீளத்தை டியூபின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். டியூபின் நுனியில் சிறிது ஆயில் தடவி மெல்ல இறக்குங்கள். டேப் ஒட்டிய இடத்தையும் தாண்டிச் சற்று இறங்கி, அடித்தகட்டில் முட்டுவது விரலுக்குத் தெரியும். முட்டியதும் மேலும் தள்ளாமல், அரை சென்டிமீட்டர் அளவு மேலே இழுத்துப் பிடியுங்கள். பம்பை இருபது முப்பது முறை அடித்தால் டியூபில் கறுப்பாக ஆயில் ஏறுவது தெரியும். அதன் பிறகு அடிக்கடி அடிக்க வேண்டியதில்லை. வேகம் குறையும்போது மட்டும் அடித்தால் போதும். ஆயிலின் வெப்பத்தையும் டியூபின் பருமனையும் பொறுத்துப் பத்து நிமிடமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகும்.

உறிஞ்சும் ஒலி திடீரென மாறி, கொடகொடவென்று காற்றும் ஆயிலும் கலந்து வரும் கட்டம்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம். முதன்முதலில் என் காரில் இதைச் செய்தபோது, அந்த ஒலியைக் கேட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணி டியூபை உருவிவிட்டேன். கணக்குப்படி 4 லிட்டர் வந்திருக்க வேண்டும். தொட்டியைத் தராசில் வைத்தால், அதன் சொந்த எடை போக 2.2 கிலோதான் இருந்தது. ஆயில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.86 கிலோ எடை என்ற கணக்கில் அது இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல். உள்ளே இன்னும் ஒன்றரை லிட்டருக்கு அருகில் கிடந்தது. காரணம் டியூபிலேயே தெரிந்தது. பெட்டிக்குள் பல மாதம் சுருட்டி வைத்திருந்ததால் அதன் நுனி தூண்டில் முள்போல வளைந்துபோயிருந்தது. சம்ப்பின் அடியைத் தொட்ட பிறகு அந்த வளைவு மேல்நோக்கித் திரும்பி, ஆயில் மட்டத்துக்கு மேலே காற்றை இழுத்திருக்கிறது. டியூபைச் சுடுநீரில் முக்கி, இரு கையாலும் நேராக இழுத்துப் பிடித்து ஆறவிட்டு, மறுபடி இறக்கினேன். மீதி ஆயில் ஒரே மூச்சில் வந்தது. அன்று எடை பார்க்காமல் கையேடு சொன்ன 4 லிட்டரையும் ஊற்றியிருந்தால், அளவுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் உள்ளே இருந்திருக்கும்.

அளவு மீறினால் என்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலுக்குள் முங்கிச் சுழன்று, அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையை இழுக்கும் ஆயில் பம்பால் சீரான அழுத்தம் தர முடியாது, பேரிங்குகளுக்குப் போதிய எண்ணெய்ப் பசை கிடைக்காது. சீல்கள் கசியும், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் எரியறைக்குப் போய்ப் புகையும். ஆகவே கொடகொட ஒலி வந்ததும் நிறுத்தாமல், டியூபை ஒரு விரற்கடை மேலே தூக்கிக் கீழே இறக்குங்கள், விரல்களுக்கிடையே உருட்டித் திருப்புங்கள், முழுவதும் உருவி இன்னொரு முறை இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி அளவாவது வரும். எதுவும் வராத நிலையை எட்டிய பிறகு எடை போடுங்கள்.

தொட்டியிலேயே லிட்டர் கோடுகள் இருக்க எடை எதற்கு என்று கேட்கலாம். வெப்பத்தில் ஆயில் விரியும்; அறை வெப்பத்தைவிட 40 டிகிரி கூடுதலான சூட்டில் உள்ள 4 லிட்டர் ஆயில், கோட்டில் ஏறத்தாழ 100 மில்லி கூடுதலாகக் காட்டும். போதாக்குறைக்கு நுரையும் சேர்ந்துகொள்ளும். எடை அப்படி மாறாது. காலித் தொட்டியின் எடையை முதலிலேயே பார்த்து, அதன் பக்கவாட்டில் அழியாத மையால் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்ளலாம்.

வெளியே வந்த ஆயிலையும் ஒரு பார்வை பாருங்கள். டீசல் காரில் அது கறுப்பாக இருப்பது இயல்பு. புது ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். பாலில் கலந்த காபிபோல வெளுத்துக் குழம்பியிருந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டோ நீரோ கலக்கிறது என்று பொருள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் எரிபொருள் கலக்கிறது. இவற்றைக் கண்டால் ஆயிலை மாற்றியதோடு விட்டுவிடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஃபில்டர்

மேற்புற ஃபில்டரின் மூடியைக் கழற்றும்போது, கீழே உள்ள பெல்ட்டின் மேலோ வயர்களின் மேலோ ஆயில் சொட்டாமல் இருக்கத் துணியைச் சுற்றிப் போடுங்கள். பழைய காகித ஃபில்டரை எடுத்ததும் அதன் மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றுபவருக்கு அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் கண்ணில் படும். நமக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், என்ஜினின் உடல்நிலையைச் சொல்ல இந்த மடிப்புகள்தான் இருக்கின்றன. மினுமினுக்கும் உலோகத் தூள் தெரிந்தால் பேரிங் தேய்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

மூடியில் உள்ள பழைய ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றுவதற்கு முன், அது எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய ரிங்கைத் தவறான பள்ளத்தில் மாட்டினால் ஆயில் கசியும். ஃபில்டரோடு சிறிய ரிங்குகளும் வந்திருந்தால், நடுத்தண்டில் அவற்றுக்கும் இடம் இருக்கும், தேடிப் பாருங்கள். எல்லா ரிங்குகளிலும் புதிய ஆயிலைத் தடவி, மூடியைக் கையால் திருகி, கடைசியில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் மூடியிலேயே பொறித்திருக்கும். பல கார்களில் அது 25 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிக் மூடி என்பதால் பலத்தைக் காட்டினால் விரிசல் விடும்.

டப்பா வடிவ ஃபில்டரானால், ஒரு பிளாஸ்டிக் பையை அதன் மேல் உறைபோலப் போட்டுக்கொண்டு கழற்றினால் சிந்துவது பையிலேயே தங்கிவிடும். பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதிய வளையம் உட்கார்ந்தால், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புதிய ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, என்ஜினைத் தொடும்வரை திருகி, அதற்கு மேல் ஃபில்டரில் அச்சிட்டுள்ளபடி, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே இறுக்கினால் போதும்.

ஊற்றுதலும் சரிபார்த்தலும்

வெளியே வந்த அளவைவிட அரை லிட்டர் குறைவாக முதலில் ஊற்றி, சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கீழ்க்கோட்டைத் தாண்டியிருந்தால், மூடியைப் போட்டு, டிப்ஸ்டிக்கைச் செருகிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் என்ஜினை இயக்குங்கள். ஃபில்டர் காலியாக இருப்பதால் ஆயில் விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரிந்து அணையும். அது அணையும்வரை ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. பத்து நொடி தாண்டியும் எரிந்தால் உடனே அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஒரு நிமிடம் ஓடிய பிறகு ஃபில்டரைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டை நெருங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறிக் கூடிவிட்டாலும், மிகுதியை அதே பம்பால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்பது இந்த முறையின் தனி வசதி. திரையில் சர்வீஸ் நினைவூட்டல் இருந்தால் அதை மீட்டமைக்க மறந்துவிடாதீர்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். ஒரு முறை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுத்துவிடக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. புதிய ஆயில் வந்த டப்பாவிலேயே அதை ஊற்றி இறுக மூடி, கழிவு ஆயிலைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படையுங்கள். சுத்திகரித்தால் அது மறுபடியும் ஆயிலாகும். கூலண்டையோ பெட்ரோலையோ அதில் கலந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். ஃபில்டரையும் ஓரிரவு கவிழ்த்து வடியவிட்டுச் சேர்த்துக் கொடுங்கள். பழைய ஆயிலில் எரிதலால் உண்டான நச்சுப் பொருள்கள் இருப்பதால், தோலில் அடிக்கடி பட்டுவந்தால் நாளடைவில் புற்றுநோய் வரவும் கூடும்; தோலில் பட்டதைப் பெட்ரோலால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

டியூபை வெளியே துடைத்து, சுருட்டாமல் நேராகத் தொங்கவிட்டு வையுங்கள். காரின் அடியில் ஃபில்டருக்கு நேராக ஓர் அட்டையை விரித்து வைத்து, மறுநாள் காலை அதில் கறை விழுந்திருக்கிறதா என்றும், குளிர்ந்த நிலையில் டிப்ஸ்டிக் என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், உறிஞ்சிய எடை, ஊற்றிய லிட்டர் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கொடகொட ஒலி கேட்டு நிறுத்தும்போது, டியூபை உருவலாமா வேண்டாமா என்பதை அந்த எடையோடு ஒப்பிட்டே முடிவு செய்துகொள்ளலாம்.